ஒரு பவுண்டு நண்டுச் சதை

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் யார் வீட்டுப் பார்ட்டிக்குப் போனாலும், மேசையில் சுடச்சுட ஒரு பாத்திரம் இருக்கக்கூடும். மேலே பொன்னிறமாக உருகிய சீஸ், ஓரத்தில் இன்னும் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் கிரீம், உள்ளே வெள்ளை வெள்ளையாக நண்டுச் சதை. சுற்றிவர வாட்டிய பாண் துண்டுகளும் கிரக்கர் பிஸ்கட்டும். சூப்பர் போல் ஆட்டம் பார்க்கும் இரவோ நத்தார் விருந்தோ, முதலில் காலியாகும் பாத்திரம் இதுதான். பெயர் ஹாட் கிராப் டிப்.

செய்வது மிகச் சுலபம். 8 அவுன்ஸ் கிரீம் சீஸை வெளியில் வைத்து இளக விடுங்கள். அதில் கால் கப் மயோனைஸ், ஒரு தேக்கரண்டி வூஸ்டர் சோஸ், அரைத் தேசிக்காயின் புளி, ஒன்றரைத் தேக்கரண்டி ஓல்ட் பே மசாலா, ஒரு கைப்பிடி துருவிய செடார் சீஸ் எல்லாம் சேர்த்துக் கலக்குங்கள். கடைசியாக ஒரு பவுண்டு நண்டுச் சதையைப் போட்டு, கட்டிகள் உடையாமல் மெதுவாகக் கிளறுங்கள். மேலே இன்னும் கொஞ்சம் சீஸ் தூவி, 350 பாரன்ஹீட் சூட்டில் 25 முதல் 30 நிமிடம் ஓவனில் வையுங்கள். விருந்தாளிகள் செருப்பைக் கழற்றி உள்ளே வருவதற்குள் தயாராகிவிடும்.

குறிப்பு இவ்வளவுதான். அதை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். எல்லாமே போத்தலிலும் டப்பாவிலும் இருந்து வருகிறது. நாம் செய்கிற வேலை திறப்பது, கலப்பது, சூடாக்குவது. நண்டுக் கறி வைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். நம் வீடுகளில் நண்டு என்றாலே முதலில் வேலை: கழுவ வேண்டும், ஓடு கழற்ற வேண்டும், கால் உடைக்க வேண்டும், சாப்பிடும்போது கடித்து உறிஞ்ச வேண்டும். இந்த டிப்பில் அது எதுவுமே இல்லை. "ஒரு பவுண்டு நண்டுச் சதை" என்ற ஒரே வரியில் அந்த வேலை முழுவதும் மறைந்துவிட்டது.

அந்த வேலை யாருடையது? அதைத் தேடிப் போனால் நூற்றைம்பது ஆண்டுக் கதை ஒன்று வருகிறது. அதன் ஒரு முனை மேரிலாந்தில் இருக்கிறது. மறு முனை நமக்கு மிகவும் தெரிந்த கடலில் இருக்கிறது.

விரிகுடாவும் நண்டும்

மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களுக்கு நடுவே சுமார் 320 கிலோமீட்டர் நீளத்துக்கு உள்ளே புகுந்திருக்கும் கடல்தான் செசபீக் விரிகுடா. ஆற்று நீரும் உப்பு நீரும் கலக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு. அங்கே வாழ்கிறது நீல நண்டு. 1896இல் மேரி ரத்பன் என்ற ஆய்வாளர் அதற்குக் கலினெக்டெஸ் சாபிடஸ் என்று பெயர் வைத்தார். முதல் சொல் கிரேக்கம், அடுத்தது லத்தீன். அழகாக நீந்துவது, சுவையானது என்று பொருள். விஞ்ஞானப் பெயரிலேயே ருசியைச் சேர்த்துவிட்டார்.

அந்தக் கரையில் நண்டு தின்னும் வழக்கமான முறை நம்முடையதற்கு நெருங்கியது. மசாலா தூவி ஆவியில் அவித்த முழு நண்டுகளை, காகிதம் விரித்த மேசையில் குவிப்பார்கள். ஆளுக்கொரு சிறு மரச் சுத்தியல். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, உடைத்து, விரல் நக்கி, மணிக்கணக்கில் கதைபேசிச் சாப்பிடுவார்கள். ஆனால் நண்டு அதிக தூரம் பயணம் செய்யாது. செத்தால் விரைவில் கெட்டுவிடும். கரையை விட்டு வெளியூருக்கு அனுப்ப வேண்டுமென்றால், அவித்து, சதையை எடுத்து, ஐஸில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

1866இல் மேரிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள கிறிஸ்ஃபீல்ட் என்ற ஊருக்கு ரயில் வந்தது. முதலில் சிப்பிக்காகத்தான் வந்தது. அந்த ஊரின் ஒரு பகுதியே சிப்பி ஓடுகளைக் கொட்டி நிரப்பிய நிலம். சிப்பி குறையக் குறைய நண்டு முக்கியமானது. கரையோரம் முழுக்க நண்டுச் சதை எடுக்கும் கொட்டகைகள் எழுந்தன. 1890இல் தொடங்கிய ஜே. எம். கிளேட்டன் நிறுவனம் அவற்றுள் ஒன்று.

மேசையைச் சுற்றி இருந்த பெண்கள்

இந்தக் கிழக்குக் கரை அடிமை முறை வேரூன்றிய மண். அடிமையாகப் பிறந்து, தப்பிப்போய், உலகறிந்த பேச்சாளரான ஃபிரடெரிக் டக்ளஸ் பிறந்தது இங்கேதான். மேரிலாந்தில் அடிமை முறை ஒழிந்தது 1864இல். இரண்டு ஆண்டு கழித்து ரயில் வந்தது. நண்டுக் கொட்டகைகளில் நீண்ட மேசைகளைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள்.

வேலை என்னவென்று பாருங்கள். இடது கையில் நண்டு, வலது கையில் சிறு கத்தி. ஓட்டைக் கழற்றி, செவுளைச் சுரண்டி, கால்களை வெட்டி, உள்ளே அறை அறையாக இருக்கும் மெல்லிய தடுப்புகளுக்கு நடுவிலிருந்து சதை சிதையாமல் வெளியே எடுக்க வேண்டும். ஓட்டுத் துண்டு ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. ஒரு பவுண்டு சதை வேண்டுமானால் ஏறக்குறைய ஏழு பவுண்டு நண்டு உடைக்க வேண்டும். கூலி மணிக்கு அல்ல, எடுத்த சதையின் அளவுக்கு. கை வேகமில்லாதவருக்குக் காசில்லை. விரல்களில் முள்ளும் ஓடும் குத்திக் காயமாகும். அந்தக் காயத்தில் உப்பு நீர் படும். பெண்கள் பக்திப் பாடல்களைச் சேர்ந்து பாடிக்கொண்டே வேலை செய்தார்கள்.

இந்தத் தொழிலில் கறுப்பினத்தவர் கூலியாட்களாக மட்டும் இருக்கவில்லை. 1902இல் செயின்ட் மைக்கல்ஸ் என்ற ஊரில் வில்லியம் கோல்போர்ன், ஃபிரடெரிக் ஜூயட் என்ற இரண்டு கறுப்பினத்தவர் சேர்ந்து தங்கள் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நண்டுச் சதையைத் தரம் பிரித்து விற்கும் முறையை வகுத்தவர் என்று ஜூயட்டைச் சொல்கிறார்கள். இன்று கடையில் டின்னின் மேல் லம்ப், பேக்ஃபின், கிளா என்று வாசிக்கிறீர்களே, அந்த வகைப்பாடுதான் அது. லம்ப் என்பது நீந்தும் துடுப்புக் கால்களை இயக்கும் சதைக் கட்டி. மிகப் பெரிய கட்டிகள் ஒரு நண்டில் இரண்டே இரண்டு இருக்கும். அதனால்தான் அந்த டின் அவ்வளவு விலை. கிளா என்பது முன்கொடுக்கின் சதை. நிறம் கொஞ்சம் மங்கல், ருசி அதிகம், விலை குறைவு. அவர்களுடைய நிறுவனம் இருந்த இடத்தில் இன்று செசபீக் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது.

1938இல் கிறிஸ்ஃபீல்ட் முதலாளிகள் கூலியைக் குறைத்தபோது, நூற்றுக்கணக்கான கறுப்பினப் பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். நிறவெறி சட்டமாகவே இருந்த காலம் அது. மிரட்டலுக்கு நடுவே வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். படகு ஓட்டியவர்களின் பெயரும் நிறுவனங்களின் பெயரும் பலகைகளில் இருக்கின்றன. அந்தப் பெண்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

அதே ஆண்டில் இன்னொருவர்

அதே 1938 நவம்பரில், கடலுக்கு அப்பால் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் தொழுகை இடங்களும் ஓரிரவில் அடித்து நொறுக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான யூத ஆண்களைப் பிடித்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் குஸ்தாவ் பிரன். மசாலா வியாபாரி. புக்கன்வால்ட் முகாமில் அடைக்கப்பட்டு, பணம் கட்டி வெளியே வந்து, குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பினார். வந்து சேர்ந்த ஊர் மேரிலாந்தின் பால்டிமோர்.

1939இல் அங்கே மீன் சந்தைக்கு எதிரே ஒரு சின்ன மசாலாக் கடை போட்டார். நண்டு அவிப்பவர்கள் ஒவ்வொருவரும் வந்து தனித்தனியாக மிளகும் உப்பும் வாங்கிப் போவதைக் கவனித்தார். தானே ஒரு கலவை செய்து விற்கத் தொடங்கினார். செலரி உப்பு, மிளகு, சிவப்பு மிளகாய், பாப்ரிகா, இன்னும் பல சரக்குகள். விரிகுடாவில் ஓடிய ஒரு கப்பல் கம்பனியின் பெயரைத் தழுவி அதற்கு ஓல்ட் பே என்று பெயர் வந்தது. 1990இல் மெக்கார்மிக் நிறுவனம் அதை வாங்கியது. இன்று மேரிலாந்துக்காரர்கள் அதை உருளைக்கிழங்குப் பொரியல் முதல் சோளம் வரை எல்லாவற்றிலும் தூவுகிறார்கள். தங்கள் மண்ணின் வாசனை என்று பெருமை பேசுகிறார்கள்.

அந்த வாசனையைத் தந்தவர் ஓர் அகதி. உயிர் தப்பி வந்து, தெரிந்த தொழிலைக் கையில் எடுத்து, வந்த ஊரின் நாக்குக்கு ஏற்றபடி அதை மாற்றினார். அவரைப் போலவே ஊரை விட்டு வந்து கடை போட்டவர்கள் உங்கள் குடும்பத்திலும் இருக்கக்கூடும்.

போத்தல்களின் வருகை

டிப்பில் உள்ள மற்றச் சாமான்களுக்கும் ஆளுக்கொரு கதை உண்டு. கிரீம் சீஸைப் பெருமளவில் செய்யத் தொடங்கியவர் நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் ஊரைச் சேர்ந்த வில்லியம் லோரன்ஸ், 1872 வாக்கில். 1880இல் அதற்கு ஃபிலடெல்பியா என்று பெயரிட்டு விற்றார்கள். அந்த நகரத்தில் செய்ததால் அல்ல, நல்ல பாற்கட்டிக்கு அந்த ஊர் பெயர்போனது என்பதால். மயோனைஸைப் போத்தலில் அடைத்து நியூயார்க்கில் விற்றுப் பிரபலமாக்கிய ரிச்சர்ட் ஹெல்மன் ஒரு ஜெர்மன் குடியேறி.

வூஸ்டர் சோஸ் போத்தலை மட்டும் திருப்பிப் பாருங்கள். இங்கிலாந்தின் வூஸ்டர் ஊரில் லீ, பெரின்ஸ் என்ற இரண்டு மருந்துக் கடைக்காரர்கள் 1837இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே வினிகர், நெத்தலி, கூடவே புளி. நம் ரசத்தில் இருக்கிற அதே புளிதான். அரபியில் அதைத் தமர் ஹிந்தி, அதாவது இந்தியப் பேரீச்சை, என்றார்கள். ஆங்கிலப் பெயர் அதிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் இந்தியாவில் பழகிய புளிப்பு, இங்கிலாந்து வழியாக அமெரிக்க நண்டுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

இவையெல்லாம் ஒரே பாத்திரத்தில் சேர்வதற்கு இரண்டாம் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது. போருக்குப் பின் அமெரிக்காவில் புறநகர் வீடுகளும் குளிர்சாதனப் பெட்டிகளும் தொலைக்காட்சியும் பெருகின. உட்கார்ந்து பரிமாறும் விருந்துக்குப் பதிலாக, கையில் கோப்பையோடு நின்று பேசும் பார்ட்டி பழக்கமானது. அதற்கு ஒரு கையால் எடுத்துச் சாப்பிடக்கூடிய பண்டம் தேவைப்பட்டது. 1950களில் வெங்காய சூப் பொடியைச் சவர் கிரீமில் கலந்த டிப் நாடு முழுக்கப் பரவியது. மேரிலாந்தில் ஏற்கெனவே நண்டுச் சதையைக் கிரீம் போன்ற கலவையில் சேர்த்துச் சுடும் கிராப் இம்பீரியல் என்ற உணவு இருந்தது. பார்ட்டிப் பழக்கத்தோடு அது சேர்ந்தால் கிடைப்பது சூடான நண்டு டிப். அதே 1950களில் நண்டுச் சதையை டின்னில் அடைத்து அளவான சூட்டில் பதப்படுத்தும் முறையும் வந்தது. குளிரில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஆக, நண்டுக் காலம் இல்லாத பெப்ரவரி மாத சூப்பர் போலுக்கும் நண்டு கிடைத்தது.

மறுபடியும் யார் உடைப்பது?

எல்லாம் மாறியது, கையால் எடுக்கும் வேலை மாறவில்லை. இயந்திரங்கள் செய்து பார்த்தார்கள். கட்டி உடையாமல் எடுக்க இன்றுவரை மனித விரல்தான் வேண்டும். கறுப்பினப் பெண்களின் அடுத்த தலைமுறைக்குப் படிப்பும் வேறு வேலைகளும் கிடைத்தபோது, மகள்கள் அந்த மேசைக்கு வரவில்லை. அம்மாக்களும் அதைத்தான் விரும்பியிருப்பார்கள்.

காலியான நாற்காலிகளுக்கு மெக்சிகோவிலிருந்து பெண்கள் வந்தார்கள். எச்-2பி என்ற தற்காலிக விசாவில் வசந்த காலத்தில் வந்து, குளிர்காலத்துக்குமுன் திரும்பிப் போவார்கள். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வரும் தாய்மார் பலர். 2010இல் ஓர் அமெரிக்கச் சட்டக் கல்லூரியும் புலம்பெயர் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் சேர்ந்து இவர்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. வருவதற்கே கடன் வாங்க வேண்டியிருப்பது, விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதால் வேலை மாற முடியாதது, ஊரிலிருந்து ஒதுங்கிய தீவுகளில் தனிமை, கைக்காயங்கள் எல்லாம் அதில் பதிவாகின. அந்த விசாவுக்கு ஆண்டுக்கு 66,000 என்று வரம்பு உண்டு. 2018இல் விண்ணப்பங்கள் குவிந்து, குலுக்கல் முறையில் விசா கொடுத்தபோது, மேரிலாந்தின் பல நண்டுக் கொட்டகைகளுக்கு ஆளே கிடைக்கவில்லை. விரிகுடாவில் நண்டு இருந்தது, உடைக்கக் கை இல்லை.

நம் கடலுக்கு வந்த வேலை

ஆட்களைக் கூட்டிவருவது ஒரு வழி. வேலையை அனுப்பிவிடுவது மற்றொரு வழி. 1990களின் தொடக்கத்தில் மேரிலாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் ஆசியாவில் நண்டுச் சதை எடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரத் தொடங்கியது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, தாய்லாந்து, இந்தியா, இலங்கை என்று தொழில் பரவியது. நண்டும் வேறு இனம். நம்மவர் நீலக்கால் நண்டு என்று சொல்வது.

பாக்கு நீரிணையும் மன்னார் வளைகுடாவும் அந்த நண்டுக்கு நல்ல இடம். ஆழமில்லை, அடியில் மணலும் கடல்புல்லும். மாலையில் நண்டு வலையைக் கடலடியில் விரித்துவிட்டு வந்து, விடியலில் போய் இழுக்கிறார்கள். கரைக்கு வந்ததும் வலையிலிருந்து ஒவ்வொரு நண்டாகச் சிக்கெடுக்க வேண்டும். அதற்கே பல கைகள் தேவை. பிறகு நண்டு அவிபட்டு, தொழிற்சாலைக்குப் போகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் பக்கத்தில் அதை நண்டுக் கம்பெனி என்பார்கள். அங்கே தலைக்குத் தொப்பியும் வாய்க்கு மறைப்பும் போட்டு, நீண்ட மேசைகளைச் சுற்றி நின்று சதை எடுப்பவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள்.

இலங்கையின் வடக்கில் இந்தத் தொழிலுக்கு இன்னொரு கனமும் உண்டு. போர்க் காலத்தில் அந்தக் கடலில் எப்போது போகலாம், எவ்வளவு தூரம் போகலாம், எந்த அளவு இயந்திரம் பூட்டலாம் என்பதற்கெல்லாம் தடை இருந்தது. 2009க்குப் பிறகு வலைகள் மறுபடி விரிந்தன. நண்டு வாங்கும் கம்பனிகள் யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் பெருகின. வடக்கின் நண்டுச் சதைக்கு மிகப் பெரிய சந்தை அமெரிக்கா. போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் ஏராளமாக உள்ள மண்ணில், மாதம் தவறாமல் வரும் சம்பளம் பெரிய விஷயம். எவ்வளவு சம்பளம், எத்தனை மணிநேரம் நிற்க வேண்டும் என்பதும் அதே அளவு பெரிய விஷயம். 2013 முதல் ஏற்றுமதியாளர்களும் மீனவர் சங்கங்களும் சேர்ந்து, சின்ன நண்டைப் பிடிக்காமலும் முட்டை நண்டைக் கடலில் விட்டும் வளத்தைக் காக்க முயல்கிறார்கள். இழுவைப் படகுகள் அடியை வாரிக்கொண்டு போனால் அந்த முயற்சியும் நண்டு வலையும் சேர்ந்தே போய்விடும்.

கிறிஸ்ஃபீல்ட், மெக்சிகோ, மண்டபம், மன்னார். மொழி வேறு, கடல் வேறு. மேசை ஒன்றுதான், கத்தி ஒன்றுதான், எடைக்குக் கணக்கு என்ற முறையும் பல இடங்களில் அதுவேதான். இந்த வேலை எப்போதும் வேறு வழி குறைவாக உள்ள பெண்களைத் தேடிப் போயிருக்கிறது.

டின்னைத் திருப்பிப் பார்ப்பது

இதற்காக டிப் சாப்பிடாதீர்கள் என்று சொல்லமாட்டேன். வாங்குவது நின்றால் முதலில் நிற்பது அந்தப் பெண்களின் சம்பளம். ஆனால் தெரியாமல் சாப்பிடுவதற்கும் தெரிந்து சாப்பிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. 2015இல் ஓசியானா என்ற அமைப்பு மேரிலாந்து, வாஷிங்டன் பகுதிகளில் உள்ளூர் நண்டு என்று விற்ற கிராப் கேக்குகளைச் சோதித்தபோது, 38 விழுக்காட்டில் இருந்தது வேறு கடல் நண்டு. செசபீக் மீனவருக்கு அதனால் நஷ்டம். தூரத்துக் கடலில் சதை எடுத்தவருக்கோ பெயரே இல்லை. அப்படிப் பெயர் மறைவதில்தான் கூலியும் குறைகிறது.

அடுத்த முறை பார்ட்டிக்கு நண்டு டின் வாங்கும்போது, முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். எந்த நாட்டின் பொருள் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இலங்கை என்றோ இந்தியா என்றோ இருந்தால், வீட்டில் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ காட்டுங்கள். அந்தக் கரையில் உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். கிளா சதை வாங்கினால் காசு மிச்சம், டிப்புக்கு ருசியும் கூட.

கலப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சதையை ஒரு தட்டில் பரப்பி, விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும், ஓட்டுத் துண்டு ஏதும் தப்பி வந்திருக்கிறதா என்று. பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் அகப்படும். அவ்வளவு சுத்தமாக எடுத்திருப்பார்கள்.